தோலில் தொடங்கிய கிளட்ச் – ஒரு தேய்மான வரலாறு

காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தேய்மானம் என்றால் பேரேட்டில் ஒரு வரி. வருஷா வருஷம் இவ்வளவு சதவீதம் என்று கழித்துவிட்டால் வேலை முடிந்தது. மெக்கானிக்குக்குத் தேய்மானம் என்பது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள். அதற்கு நல்ல உதாரணம் காரின் கிளட்ச் பிளேட். இதன் கதை எங்கே தொடங்குகிறது தெரியுமா? தோலில்! வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிற அதே பதனிட்ட தோலில்தான்.

முதலில் கிளட்ச் எதற்கு என்று பார்ப்போம். பெட்ரோல் இன்ஜின் ஒருமுறை ஸ்டார்ட் ஆனால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரமோ சிக்னலில் நிற்க வேண்டும். சுற்றுவதையும் நிற்பதையும் முறிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கிற தரகர்தான் கிளட்ச். அப்படிச் சேர்க்கும் நேரத்தில் இரண்டு பரப்புகள் உரசித்தான் ஆக வேண்டும். அதாவது தேய்வது கிளட்சின் கோளாறு அல்ல, அதன் வேலையே அதுதான்.

1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியில் இன்று நாம் காணும் கிளட்ச் கிடையாது. இருந்தது ஒரு பெல்ட். சும்மா சுற்றும் கப்பியிலிருந்து அதைத் தள்ளி, அச்சோடு இணைந்த கப்பிக்கு மாற்றினால் வண்டி நகரும். 1888-ல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் அந்த வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிப் போனார். வழியில் பிரேக் கட்டை தேய்ந்து போனது. அவர் என்ன செய்தார்? ஒரு செருப்பு தைப்பவரிடம் போய், பிரேக் கட்டைமேல் தோலை வைத்து ஆணி அடித்து வாங்கிக்கொண்டார். கார் உலகின் முதல் பிரேக் லைனிங் இதுதான் என்பார்கள். செய்து கொடுத்தவர் இன்ஜினியர் அல்ல, தோல் தொழிலாளி!

அதன்பின் வந்தது கூம்பு வடிவ கிளட்ச். கிண்ணம் போன்ற ஒரு பகுதிக்குள் கூம்பு போன்ற இன்னொரு பகுதி போய் அழுந்தி உட்காரும். கூம்பின்மேல் தோல் போர்த்தி ரிவெட் அடித்திருப்பார்கள். 1906-ல் அறிமுகமான ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் காரில்கூட இப்படித் தோல் போர்த்திய கிளட்ச்தான் இருந்தது.

தோல் கிளட்சைப் பராமரிப்பது லேசான வேலை அல்ல. தோல் காய்ந்து இறுகினால் 'வெடுக்' என்று பிடித்து வண்டி குதிக்கும். அதற்கு விளக்கெண்ணெய் போன்ற எண்ணெயைத் தடவி மிருதுவாக்குவார்கள். எண்ணெய் அதிகமானால் வழுக்கும். உடனே எண்ணெயை உறிஞ்சும் ஒருவகைக் களிமண் பொடியைத் தூவுவார்கள். தோல் தேய்ந்து ரிவெட் தலை தெரிய ஆரம்பித்தால் புதுத் தோல் போட வேண்டியதுதான். தோலுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு, அது சூடு தாங்காது. ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளால் பதனிட்ட தோல், கொதிநீரின் சூட்டுக்கு முன்பே சுருங்கிவிடும். குரோம் பதனிட்ட தோல் அதைவிடத் தாங்கும். ஆனால் உரசும் கிளட்ச் அதையும் தாண்டிச் சூடாகும்.

சூடு தாங்கும் பொருளைத் தேடியபோது கிடைத்ததுதான் ஆஸ்பெஸ்டாஸ். இங்கிலாந்தில் 1897-ல் தொழில் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட் இதில் முன்னோடி. அவர் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு உருவானதுதான் 'ஃபெரோடோ' என்ற பிராண்ட். 1920-களில் ஒற்றைத் தட்டு கிளட்ச் பரவலானது. தோல் மெல்ல மெல்ல வெளியேறியது.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. இங்கிலாந்தின் ராச்டேலில் ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924-ல் நுரையீரல் பாதித்து இறந்தார். ஆஸ்பெஸ்டாஸ் தூசுதான் காரணம் என்று அந்த ஆண்டே மருத்துவ இதழில் பதிவானது. 1931-ல் பிரிட்டன் அந்த ஆலைகளுக்கு விதிமுறை கொண்டுவந்தது. ஆனாலும் முழுத் தடை வர 1999 ஆகிவிட்டது. இந்தியாவில் 1995-ல் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பல ஆண்டுகள் கழித்து வெளியே தெரியும் நோய் அல்லவா! இன்று பல நாடுகளில் கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை. கண்ணாடி இழை, அராமிட் இழை, ரெசின் என்று வேறு பொருள்கள் வந்துவிட்டன.

இத்தனை மாறியும் மாறாத ஒன்று உண்டு. கிளட்ச் தேய்ந்ததைக் காட்டும் அறிகுறிகள்! பாகாயத்திலிருந்து ஏலகிரிக்கு ஒரு கார் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள்.

1. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. இதுதான் ஸ்லிப். மேட்டிலும் டாப் கியரிலும் முதலில் தெரியும்.

2. கருகல் வாடை. தோல் காலத்தில் தோல் கருகியது, இப்போது லைனிங் கருகுகிறது.

3. கேபிள் கிளட்சாக இருந்தால், பெடல் மேலே வந்த பிறகுதான் பிடிக்கும். பெடலின் ஃப்ரீ பிளேயும் குறைந்துகொண்டே வரும்.

4. கிளம்பும்போது வண்டி உதறும். பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், இல்லை பரப்பு கண்ணாடி மாதிரி பளபளப்பாகியிருக்கலாம்.

கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால், பெரும்பாலும் குற்றவாளி பிளேட் அல்ல, ரிலீஸ் பேரிங். ஆனாலும் மெக்கானிக்குகள் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்வார்கள். அது ஏமாற்று வேலை இல்லை. கியர் பாக்ஸை இறக்கும் கூலி ஒன்றேதான், அதை இரண்டு முறை கொடுப்பானேன்? 'ஆஃப் கிளட்சில் ஓட்டாதே' என்று டிரைவர்கள் சொல்வதற்கும் இதுவே காரணம். மேட்டில் ஹேண்ட் பிரேக்கைப் பிடிக்காமல் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைத்தால், நிற்கிற வண்டியும் பிளேட்டைத் தின்னும்.

இன்னொரு விஷயம். பழைய வண்டிகளின் கிளட்சைப் பிரிக்கும்போது அந்தக் கறுப்புத் தூசைக் கம்ப்ரஸரால் ஊதித் தள்ளுவது ஷெட்களில் சகஜம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது நல்லது. வண்டிக்காரர் செலவை ரிப்பேர் கணக்கில் எழுதிக்கொள்வார். அந்தத் தூசை மூச்சில் இழுக்கும் பையனின் தேய்மானம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.