மருந்தும் பரிவும்

அகழ்ப்போரின்போது மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் காயமுற்றோரைப் பேணினார் ருஃபைதா (ரலி) அம்மையார். மருந்தோடு பரிவும் வேண்டும் என்னும் அவ்வுண்மையைப் புற்றுநோய் மருத்துவ வரலாறும் மெய்ப்பிக்கின்றது.

புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை போர் நஞ்சிலிருந்து பிறந்தது. 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், கடுகு வாயுவின் இனமான நைட்ரஜன் மஸ்டர்டு, நிணநீர்ப் புற்றுக் கண்ட ஒருவருக்குச் செலுத்தப்பட்டது. கட்டிகள் கரைந்தன, ஆயினும் சில வாரங்களில் நோய் மீண்டது. பின்னர் வலிமை மிக்க மருந்துகள் வந்தன. 1978-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற சிஸ்பிளாட்டின், ஆண்களின் விந்தகப் புற்றைக் குணமாக்க வல்லது. ஆனால், அது தந்த ஓயாத வாந்திக்கு அஞ்சிச் சிகிச்சையையே கைவிட்டோர் உண்டு. நோயாளி தாங்காவிடில் மருந்தால் பயன் யாது?

வாந்தியை அடக்கும் வழி தேடினர் மருத்துவர். 1981-இல் மிகுந்த அளவில் தரப்பட்ட மெட்டோகுளோபிரமைடு கைகொடுத்தது; 1991-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒண்டான்செட்ரான் பெருந்துயர் துடைத்தது. எனினும், படுக்கையருகே நின்று குமட்டலையும் வாய்ப்புண்ணையும் காய்ச்சலையும் கண்காணிப்போர் செவிலியரே.

வீடு திரும்பியபின் அப்பொறுப்பு நம்முடையது. உணவைச் சிறுகச் சிறுக ஊட்டுக. உப்புநீரால் வாய் கொப்பளிக்கச் செய்க. சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்; ஆதலின் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் விடியும்வரை காத்திராது மருத்துவமனைக்கு விரைக.

நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்து. சளியோ காய்ச்சலோ உடையவர் அருகே செல்லாது, வீட்டிலிருந்தே துஆச் செய்வதும் பரிவேயாகும்.