சூதும் சட்டமும் நம் இல்லமும்



திருவண்ணாமலையை அடுத்த நம் வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருத்தலின், சட்டம் நமக்கு அண்டை வீட்டாரைப் போன்றது. ஆயினும் சூது அதனினும் அண்மையில், நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியிலேயே குடிபுகுந்துவிட்டது. ஆதலின் சூதைச் சட்டம் எதிர்கொண்ட வரலாற்றையும், அதிலிருந்து நம் இல்லங்கள் கற்க வேண்டுவதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

சூதைப் பற்றிய கவலை நேற்றுத் தோன்றியதன்று. வள்ளுவர் பெருமான் பொருட்பாலில் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்து, அதன் கேட்டை உணர்த்தினார். கௌடிலியரின் அர்த்த சாஸ்திரமோ சூதை ஒழிக்க முயலாது, குறித்த இடத்தில் மட்டும் ஆடச் செய்து, வென்ற பொருளில் நூற்றுக்கு 5 பங்கை அரசுக்கு உரியதாக்கிற்று. ஒருவர் கேட்டைக் கண்டார். மற்றவர் வருவாயையும் கண்டார். இவ்விரு நோக்கும் நம் காலம்வரை தொடர்ந்து வந்துள்ளன.

சென்னை மாகாணத்தின் 1930ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம், சூதாடும் விடுதி நடத்துவோரைத் தண்டனைக்கு உட்படுத்தியது. திறமையாலாகும் ஆட்டங்களுக்கு மாத்திரம் விலக்களித்தது. அவ்விலக்கே பின்னாளில் பெருவழக்குகளுக்கு வித்தாயிற்று. கிண்டி முதலிய இடங்களில் நடந்த குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் பிறந்தது. 1996இல் சுப்ரீம் கோர்ட்டு, அப்பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்ததே என்று தீர்ப்பளித்தது. இடையே 1968இல் அரசாங்கமே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கிற்று. 2003இல் லாட்டரி தடை செய்யப்பட்டது.

இணையவழி ஆட்டத்திற்கும் இக்கதையே நேர்ந்தது. 2021இல் இயற்றிய தடைச் சட்டம் அவ்வாண்டே ஹைக்கோர்ட்டில் வீழ்ந்தது. 2023இல் புதிய சட்டம் வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களென்று அவ்வாண்டு நவம்பரில் ஹைக்கோர்ட்டு விலக்களித்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

இவ்வாறு 95 ஆண்டுகள் ‘திறமையா, அதிர்ஷ்டமா’ என்று வாதிட்டோம். ஆனால் மனைவியின் நகையை அடகு வைக்கச் செல்பவனிடம், எவ்வகை ஆட்டத்தில் தோற்றாய் என்று அடகுக்கடைக்காரர் வினவுவதுண்டோ? நீதிமன்றத்தின் எல்லைக்கோடு வேறு. இல்லத்தின் எல்லைக்கோடு வேறு.

மற்றொன்றும் கருதத்தக்கது. முன்னாளில் பந்தயப் பித்துடையவன் கிண்டிக்குச் செல்ல ரயில் ஏற வேண்டும். பந்தய நாளுக்குக் காத்திருக்கவும் வேண்டும். திரும்பும் வழியிலேனும் சிந்திக்கச் சற்று அவகாசம் உண்டு. இன்று கிரிக்கெட் பந்தயம் கட்டும் இளைஞனுக்கு அவ்வவகாசமும் இல்லை. இழந்ததை இவ்விரவே மீட்போம் என்னும் எண்ணமே அவனை மேன்மேலும் ஆழ்த்துகின்றது.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில. விளையாட்டைக் கண்டு களிப்போம். அதன்மேல் பணம் வையாதிருப்போம். பண்டிகை நாளிற் கூடிச் சீட்டாடினும் காசின்றி ஆடுவோம். வீட்டு வரவுசெலவைத் தம்பதிகள் இருவரும் மாதந்தோறும் ஒருங்கிருந்து பார்ப்பாராக. பழக்கம் மிஞ்சியவனை ஏசித் தள்ளாது, கடனை மறைவின்றிச் சொல்லச் செய்து, மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். அவன் கடனைத் தீர்க்கப் புதுக்கடன் மாத்திரம் வாங்கித் தருதல் வேண்டா.

சட்டம் மாறலாம், மறுபடியும் வழக்கு எழலாம். நம் பிள்ளைகளின் கல்விப் பொருள் அதுவரை காத்திருத்தல் இயலாது.