போன்கேப்: ஜாவாஸ்கிரிப்டில் கைப்பேசிச் செயலி எழுதிய வரலாறு

கைப்பேசிச் செயலி எழுதத் தொடங்கும் மாணவர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் மொழி. ஐபோனுக்கு ஒரு நிரல்மொழி, ஆண்ட்ராய்டுக்கு வேறொன்று. ஒரே செயலியை இரண்டு முறை எழுத வேண்டும். பிழை வந்தால் இரண்டு இடத்திலும் திருத்த வேண்டும். இந்த இரட்டை வேலையைக் குறைக்க, இணையப் பக்கங்களில் பழகிய ஜாவாஸ்கிரிப்டையே பயன்படுத்தலாம் என்று காட்டிய தொடக்ககாலக் கருவிகளுள் முக்கியமானது போன்கேப்.

2007 ஜூனில் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது, அதற்கெனத் தனிச் செயலி எழுத வெளியாருக்கு வழி தரப்படவில்லை. சஃபாரி உலாவியில் இயங்கும் இணையப் பக்கங்களையே செயலிகளாக எழுதிக்கொள்ளலாம் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். நிரலர்களுக்கு இது போதவில்லை. 2008 மார்ச்சில் நிரலாக்கக் கருவித்தொகுதியும், ஜூலை 10 அன்று ஆப் ஸ்டோரும் வந்தன. ஆனால் இப்போது அப்ஜெக்டிவ்-சி தெரிந்திருக்க வேண்டும். இணையப் பக்கம் எழுதுவோரில் அதை அறிந்தவர் மிகக் குறைவு.

அந்த ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் ஐபோன் நிரலர்கள் கூடிய முகாமில், கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த நிடோபி நிறுவனத்தார் ஒரு குறுக்குவழி கண்டார்கள். முகவரிப் பட்டையும் பொத்தான்களும் இல்லாத ஓர் உலாவிச் சாளரத்தைத் திரை முழுவதும் விரித்து, அதற்குள் இணையப் பக்கத்தை ஏற்றினார்கள். பார்ப்பவருக்கு அது செயலி. உள்ளே இருப்பது பக்கம்.

சரி, பக்கத்திலிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கைப்பேசியின் கேமராவை எப்படி எட்டும்? இங்கேதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். ஜாவாஸ்கிரிப்ட் 'கேப்' என்று தொடங்கும் ஒரு பொய் முகவரிக்குப் போக முயலும். வெளியே இருக்கும் அப்ஜெக்டிவ்-சி நிரல் அந்தப் பயணத்தை இடைமறித்து, முகவரிக்குள் பொதிந்திருக்கும் கட்டளையைப் படித்து வேலையை முடித்து, விடையைப் பக்கத்துக்குள் ஜாவாஸ்கிரிப்டாகவே திருப்பி அனுப்பும். வாசலில் நிற்பவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்துக் காரியம் முடித்துக்கொள்வது போன்ற ஏற்பாடு. விரைவிலேயே ஆண்ட்ராய்டு, பிளாக்பெர்ரி கைப்பேசிகளுக்கும் இது விரிந்தது.

2010 ஏப்ரலில் ஒரு சோதனை வந்தது. ஆப்பிள் தன் உரிம ஒப்பந்தத்தின் 3.3.1 பிரிவைத் திருத்தியது. செயலிகள் சி, சி++, அப்ஜெக்டிவ்-சி ஆகியவற்றிலோ, ஐபோனின் வெப்கிட் பொறி இயக்கும் ஜாவாஸ்கிரிப்டிலோதான் முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றது அது. அடோபியின் ஃபிளாஷைக் குறிவைத்த விதி என்றே பலரும் கருதினர். போன்கேப் வெப்கிட்டுக்குள்ளேயே இயங்கியதால் விதியின் சொற்களுக்குள் அடங்கியது. வேறு வழியில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கிய டைட்டானியம் போன்றவற்றை நம்பிச் செயலி எழுதியவர்கள் மாதக்கணக்கில் கலங்கி நின்றார்கள். ஒரு நிறுவனத்தின் ஒற்றை வாக்கியம் ஊரறியாத எத்தனை நிரலர்களின் உழைப்பைத் தொங்கலில் விட்டது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். செப்டம்பரில் ஆப்பிள் அத்தடையைத் தளர்த்தியது.

2011 அக்டோபரில் நிடோபியை வாங்குவதாக அறிவித்தது யார் தெரியுமா? அதே அடோபி. போன்கேப்பின் மூலநிரல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டு, கார்டோவா எனப் பெயர் பெற்றது. நிடோபியின் அலுவலகம் இருந்த வான்கூவர் தெருவின் பெயர் அது.

குறை வேகத்தில்தான். நீண்ட பட்டியலை உருட்டினால் அக்காலக் கைப்பேசிகளின் உலாவிச் சாளரம் திணறியது. 2012இல் ஃபேஸ்புக் தன் ஐபோன் செயலியை அப்ஜெக்டிவ்-சியில் புதிதாக எழுதியது; இணையத் தொழில்நுட்பத்தை அளவுக்கு மீறி நம்பியது தவறு என்று மார்க் சக்கர்பெர்க் வெளிப்படையாகவே சொன்னார். ஆனாலும் அந்நிறுவனம் ஜாவாஸ்கிரிப்டைக் கைவிடவில்லை. 2015இல் அது வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் உலாவிச் சாளரத்தைத்தான் தள்ளியது. அதில் ஜாவாஸ்கிரிப்ட் என்ன காட்ட வேண்டும் என்று சொல்லும். திரையில் தோன்றும் பொத்தானும் பட்டியலும் கைப்பேசியின் சொந்த உறுப்புகள்.

போன்கேப் குழுவின் பிரையன் லெரூ, தங்கள் கருவியின் இறுதி நோக்கமே இல்லாமல் போவதுதான் என்று எழுதியிருந்தார். உலாவிகளே கேமராவையும் இருப்பிடத்தையும் நேரடியாகத் தந்துவிட்டால் இடையில் பாலம் எதற்கு என்பது அவர் கருத்து. உலாவிகள் அத்திசையில் வெகுதூரம் வந்துவிட்டன. முழுவதும் வந்து சேரவில்லை. 2020இல் அடோபி போன்கேப்பை நிறுத்தியது. கார்டோவா அப்பாச்சியிடம் தொடர்கிறது.