அரசவையும் குளக்கரையும்: வன்னியிலிருந்து ‘பொன்னியின் செல்வன்’ – ஒரு நோக்கு

தமிழ் மக்களிடையே மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட வரலாற்று நாவல் எதுவெனக் கேட்பின், கல்கி கிருஷ்ணமூர்த்தியின் (1899–1954) ‘பொன்னியின் செல்வன்’ என்பதில் கருத்து வேறுபாடு இருத்தல் அரிது. 1950 இல் ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவரத் தொடங்கி ஐந்து பாகங்களாக விரிந்த இந்நாவல், ஈழத்திலும் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அதனைச் சுவைமிக்க கதை எனப் பாராட்டியோர் பலர். மன்னர் புகழ் பாடும் கனவிலக்கியம் என ஒதுக்கிய முற்போக்கு விமரிசகரும் உளர். இவ்விரு சாராரும் ஒரு வினாவைத் தவிர்த்துவிடுகின்றனர். குளத்தையும் வயலையும் நம்பி வாழும் மக்கள் அரசவையின் கதையை ஏன் விரும்பி வாசிக்கின்றனர்? அவ்வாசிப்பில் அவர்கள் பெறுவது யாது, இழப்பது யாது? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்தில் நின்று இவ்வினாவை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாவல் ஓர் ஏரிக்கரையிலேயே தொடங்குகிறது. ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரியின் கரை வழியே வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். நீர் நிறைந்த ஏரியும் விழாக்கோலம் பூண்ட மக்களும் அவன் கண்களுக்கு இன்பக் காட்சியாகின்றனர். வன்னி வாசகனுக்கு இக்காட்சி அந்நியமானதன்று. எனினும், அவன் அறிந்த குளம் காட்சிப் பொருள் மட்டுமன்று, அது உழைப்பு. அணைக்கட்டைப் பேணுதல், துருசு திறத்தல், வாய்க்கால் துப்புரவு செய்தல், நீரைப் பங்கிடுதல் ஆகியன யாவும் அதனுள் அடங்கும். வந்தியத்தேவனின் குதிரை கரையைக் கடந்து அரண்மனைகளை நோக்கி விரைந்ததும், இவ்வுழைப்பு கதையின் பின்புலத்துக்குள் மறைந்துவிடுகிறது.

இங்கு வந்தியத்தேவனின் பாத்திர வார்ப்பு நுணுகி நோக்கற்பாலது. வோல்ட்டர் ஸ்கொட்டின் நாவல்களை ஆராய்ந்த ஹங்கேரிய மார்க்சியர் ஜோர்ஜ் லூகாக்ஸ், அவற்றின் தலைமகன் பெருவீரனாகவன்றி நடுத்தரத் திறனுடையோனாகவே அமைவதைச் சுட்டினார். மோதும் இரு முகாம்களுக்கும் சென்றுவரக்கூடிய அவன் வாயிலாக, வரலாற்றின் எதிரெதிர்ச் சக்திகள் வாசகன் முன் நிறுத்தப்படுகின்றன. கல்கியின் வந்தியத்தேவனும் இத்தகையோனே. கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுச் சதியையும், பழையாறையின் அந்தப்புரத்தையும், தஞ்சைக் கோட்டையின் நிலவறையையும் அவன் கண்களாலேயே நாம் காண்கிறோம். வாசகன் இக்கதையை விரும்புவதற்கான முதற் காரணமும் இதுவேயாகும். நாடிழந்த, பொருளற்ற, துணிவை மட்டுமே உடைமையாகக் கொண்ட ஓர் இளைஞன் அரசவையின் கதவுகளைத் திறந்துகொண்டு போகிறான். அவனோடு நாமும் போகிறோம்.

ஆயினும் முக்கியமானதொரு வேறுபாடு உண்டு. ஸ்கொட்டின் தலைமகன் இரு சமூக அமைப்புகளுக்கிடையே நிற்கிறான். வந்தியத்தேவனோ ஒரே ஆளும் வர்க்கத்தின் இரு பிரிவினருக்கிடையே நிற்கிறான். சுந்தர சோழருக்குப் பின் அரியணை ஆதித்த கரிகாலனுக்கா, மதுராந்தகனுக்கா, அருள்மொழிவர்மனுக்கா என்பதே இங்குப் பூசல். அரியணையின் அடித்தளமாகிய நிலவுடைமை பற்றி எவரும் வினவுவதில்லை.

இம்மௌனத்தின் ஆழத்தை ஒரு சாசனம் உணர்த்தும். ஆதித்த கரிகாலனின் கொலை நாவலின் மைய மர்மமாகும். அக்கொலையை நேரடியாகக் குறிப்பிடும் முதன்மைச் சான்று, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிற் கல்வெட்டு ஆகும். அது இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கொலையில் தொடர்புடைய சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன் முதலியோரின் பெயர்கள் அதிலுண்டு. ஆனால், அச்சாசனம் கொலையை விவரிக்க எழுந்ததன்று. துரோகிகளினதும் அவர்தம் உறவினரதும் நிலங்கள் அரச ஆணைப்படி கைப்பற்றப்பட்டதையும், அவை விலைக்கு விற்கப்பட்டு அறத்துக்கு அளிக்கப்பட்டதையும் பதிவு செய்யும் காணி ஆவணம் அது. கல்லில் வெட்டியோருக்கு இளவரசனின் குருதியைவிட நிலத்தின் எல்லையும் உரிமையுமே பதிவுக்குரியனவாயின. அச்சாசனம் பொறிக்கப்பட்ட வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம், நாவல் தொடங்கும் அதே ஏரியின் நீரால் விளைந்த பிரமதேயமாகும். கல்கி ஏரியைக் கண்டார், கொலையையும் கண்டார், அவ்விரண்டையும் இணைத்த நிலத்தைக் கதைக்கு வெளியே விட்டார்.

இனி ஈழப் பகுதிக்கு வருவோம். இரண்டாம் பாகமாகிய ‘சுழற்காற்று’ வாசகனை மாதோட்டத்துக்கும் அப்பாலுள்ள காட்டுப் பாதைகளுக்கும் இட்டுச் செல்கிறது. பரந்த பொருளில் வன்னியின் தென்மேற்கு விளிம்பான அந்நிலம், நாவலில் பெரும்பாலும் வழிப்போக்கர் கடந்து செல்லும் காடாகவே தோற்றமளிக்கிறது. மாதோட்டத்திலும் பதவியாவிலும் கிடைத்த சோழர்காலச் சாசனங்களோ குடியிருப்பையும் கோயிலையும் வணிகத்தையும் காட்டுவன.

இப்பாகத்தில் கல்கியின் கருத்துநிலை துலக்கமாக வெளிப்படும் இடம் ஒன்றுண்டு. ஈழத்திலுள்ள சோழப் படைக்கு வேண்டிய உணவு சோழ நாட்டிலிருந்தே வரவேண்டும், போரால் நலிந்த இந்நாட்டு மக்களிடமிருந்து பறிக்கப்படலாகாது என்பது அருள்மொழிவர்மனின் நிலைப்பாடு. தனாதிகாரியான பெரிய பழுவேட்டரையர் இதனை ஏற்கவில்லை. இடிந்த விகாரங்களைச் செப்பனிடவும் இளவரசன் ஆணையிடுகிறான். வரலாறு இதற்கு மாறானது. சோழர் 993 அளவில் இராசரட்டையைக் கைப்பற்றினர். 1017 இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பிடிக்கப்பட்டபோது முடியும் அணிகலன்களும் கவரப்பட்டதையும், விகாரங்கள் சூறையாடப்பட்டதையும் சூளவம்சம் கூறுகிறது. அந்நூல் பிக்குமாரின் சார்பில் எழுதப்பட்டதாயினும், படையெடுப்பின் நோக்கம் செல்வமே என்பதை மறுத்தல் இயலாது.

கல்கி வரலாறு அறியாதவர் அல்லர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற காங்கிரஸ்காரராகிய அவர், குடியரசான இந்தியாவின் தொடக்க ஆண்டுகளில் எழுதினார். வர்க்கங்களுக்கு அப்பாற்பட்ட, சுரண்டாத, துறவு மனங்கொண்ட ஆட்சியாளன் என்பது புதிய ஆளும் வர்க்கம் தன்னைப் பற்றி வரைந்துகொண்ட ஓவியமாகும். அவ்வோவியத்துக்குச் சோழ இளவரசனின் முகம் பொருத்தப்பட்டது. எனினும், இப்பகுதி பொய்யெனத் தள்ளத்தக்கதன்று. படைக்கு யார் சோறு போடுவது என்ற வினாவை ஒரு வெகுசன நாவல் எழுப்பியது சிறிய காரியமன்று. போரையும் இடம்பெயர்வையும் பட்டினியையும் 2009 வரை அனுபவித்த வன்னி மக்களுக்கு அவ்வினாவின் கனம் விளக்கப்பட வேண்டியதில்லை.

அரசவை நாவலின் செல்வாக்கு நம்மவரின் வரலாற்றுக் கற்பனையையும் ஆட்கொண்டது. பண்டாரவன்னியன் இதற்குச் சான்று. 1803 இல் முல்லைத்தீவில் ஆங்கிலேயரை எதிர்த்து, அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் தோல்வியுற்ற அவ்வன்னியத் தலைவனின் கொலனித்துவ எதிர்ப்பு மெய்யானது, போற்றத்தக்கது. ஆனால், மேடையில் அவனுக்குச் சோழப் பேரரசனின் அவையும் முடியும் நடையும் அளிக்கப்படும்போது, வன்னிமையின் உண்மை அமைப்பு மறைந்துவிடுகிறது. வன்னியத் தலைவர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாக யானைகளைச் செலுத்தியோர். அந்த யானைகளைப் பிடித்தது யார்?

இவ்வினாவுக்கான விடையை வன்னியின் நாட்டார் இலக்கியம் பாதுகாத்து வைத்துள்ளது. யானை பிடிக்கும் பணிக்கனின் மனைவியான அரியாத்தை, ஆடவர் அஞ்சிய யானையை அடக்கியதையும் அவளது மறைவையும் பாடும் ‘வேலப்பணிக்கன் ஒப்பாரி’ இம்மண்ணுக்குரியது. பயிரை அழிக்கும் விலங்குகளையும் பறவைகளையும் பொருளாகக் கொண்ட பன்றிப்பள்ளு, குருவிப்பள்ளு ஆகியனவும் இங்கு வழங்கியுள்ளன. இவற்றில் அதிகாரம் தொலைவில் நிற்கிறது. உழைப்பும் அதன் இழப்பும் முன்னே நிற்கின்றன. அரியாத்தை வந்தியத்தேவனைப் போல அரசவைக்குள் நுழைந்து பரிசு பெறுபவள் அல்லள். அவள் அடக்கிய யானை போன்றவற்றின் மீதே அவை அமர்ந்திருந்தது.

ஆகவே, ‘பொன்னியின் செல்வனை’ வாசிக்க வேண்டாம் என நாம் கூறவில்லை. அதனை உடையார்குடிச் சாசனத்தோடும் அரியாத்தையின் ஒப்பாரியோடும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்கிறோம். இது வெறும் இலக்கியப் பயிற்சியன்று. 2017 இல் கேப்பாப்பிலவு மக்கள் படையினர் வசமிருந்த தம் காணிகளைக் கேட்டு இரவும் பகலும் தெருவோரம் அமர்ந்தனர். 1977 இன் வன்செயலால் மலையகத்திலிருந்து வந்து வன்னிக் காடு வெட்டிய தொழிலாளர் குடும்பங்களின் காணியுரிமைக் கோரிக்கை நம்மவரிடையேயும் முழுமையாகச் செவிமடுக்கப்படவில்லை. முன்னைய வினாவை அரசை நோக்கி எழுப்பும் நாம், பின்னையதை நம்மை நோக்கியும் எழுப்பக் கடமைப்பட்டுள்ளோம். பழைய அரியணைகளின் பெருமையில் நம்மை மறப்போமாயின், இவ்விரு வினாக்களும் நாவலின் ஏரிக்கரை மக்களைப் போலப் பின்புலத்துக்குள் மறைந்துபோகும். குதிரை கடந்து போனபின் கரையில் எஞ்சி நிற்போரின் வரலாற்றை எழுதுவதே நம்முன் உள்ள பணி.