மழைக்கு வந்த சளிதானே?

"மழைக்கு வந்த சளிதானே, வெயில் வந்தா போயிடும்." சப்ரகமுவ தோட்டங்களில் வளர்ந்த யாருக்கும் பழகிய பேச்சு இது. ஆனால் இரத்தினபுரியில் மழை எப்போது நிற்கும்? மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. அது ஓய்ந்தால் ஒக்டோபர், நவம்பரில் அந்திக்கு இடிமழை. மார்ச், ஏப்ரலிலும் அதே கதை. ஆக, எந்த மாதத்து இருமலுக்கும் மழையைக் காரணம் சொல்லலாம். காசநோய்க்கு ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

பருவத்தோடு வரும் நோயைச் சப்ரகமுவ பார்த்திருக்கிறது. 1934இல் பருவமழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் வற்றிக் குட்டைகளாகின. தேங்கிய நீரில் மலேரியா நுளம்பு பெருகியது. அந்த வருடக் கடைசியில் தொடங்கிய காய்ச்சல் கேகாலையைக் கடுமையாகத் தாக்கியது. வழக்கமாக மழை நிறைந்த பகுதி என்பதால் மக்களிடம் மலேரியாவுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. 1935 முடிவதற்குள் நாடு முழுவதும் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். இடதுசாரி இளைஞர்கள் மருந்தோடும் உணவோடும் கேகாலைக் கிராமங்களுக்குப் போனார்கள். அந்தச் சாவுகள் ஒரே பருவத்தில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நடந்தன.

காசநோய் அப்படிக் கூட்டமாக வருவதில்லை. 1882 மார்ச் 24இல் ரொபர்ட் கொக் அதன் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். காற்றில் பரவும் இந்தக் கிருமி உடலுக்குள் மாதக்கணக்கில், சிலரிடம் வருடக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். இதற்கும் ஒரு பருவம் உண்டா? இந்தியாவின் 1996 முதல் 2001 வரையான பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2004இல் லான்செட் இதழில் வந்தது. வட இந்தியாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை நோயாளர் எண்ணிக்கை கூடுகிறது, வருடக் கடைசியில் குறைகிறது; தெற்கில் இந்த ஏற்ற இறக்கம் அவ்வளவாக இல்லை. குளிரில் வீட்டை மூடிக்கொண்டு நெருக்கமாக இருப்பதும், வெயில் படாமல் விட்டமின் டி குறைவதும் காரணமாகலாம் என்பது ஒரு விளக்கம்.

நமக்கு அந்தக் குளிர் கிடையாது. இங்கே கதவை மூடவைப்பது மழை. அதற்காகத் திறந்திருந்தால் மட்டும் காற்று வந்துவிடுமா? பழைய லயத்துக் காம்பரா சுமார் 10க்கு 12 அடி. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயமென்றால் பின்பக்கம் ஜன்னல் வைக்கவே வழியில்லை. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று 1872இலேயே சட்டம் வந்தது. கோப்பி போய்த் தேயிலையும் ரப்பரும் வந்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. காம்பராவின் அளவு மட்டும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. நெருக்கத்துக்கு ஏது பருவம்?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கிளினிக் பதிவேடு காட்டுவது நோய் தொற்றிய மாதத்தை அல்ல, நோயாளி வந்த மாதத்தை. ரப்பர் தோட்டத்தில் காலையில் மழை பிடித்தால் பால்வெட்டு இல்லை, அன்றைய பேரும் இல்லை. வெயில் நாளில் கிளினிக் போனால் சம்பளம் போச்சு. மழை நாளில் போக பஸ் காசு இல்லை. இப்படியே மாதங்கள் ஓடிவிடும்.

இந்தத் தாமதம்தான் ஆபத்து என்பதற்கு மதராஸிலிருந்து ஒரு பாடம் உண்டு. 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சானிடோரியத்தில் ஓய்வோடும் நல்ல சாப்பாட்டோடும் இருந்தவர்களையும், நெரிசலான ஏழை வீட்டிலேயே மருந்து எடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 1959இல் வெளியான முடிவு உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றியது: இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. அதாவது, மருந்து தொடங்கியவரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதல்ல பெரிய ஆபத்து. நோய் கண்டுபிடிக்கப்படாமல் இருமிக்கொண்டிருந்த மாதங்களே ஆபத்து.

லயத்தின் சுவரை நாளைக்கே நம்மால் தள்ளி வைக்க முடியாது. அது தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய உரிமை. அந்த மாதங்களைக் குறைக்க நம்மால் முடியும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரச மருத்துவமனையில் பரிசோதனையும் இலவசம், ஆறு மாத மருந்தும் இலவசம். அடுத்த முறை வீட்டில் யாராவது "மழைக்கு வந்த சளிதானே" என்றால், நாம் ஒன்று கேட்போம்: எத்தனை நாளா?