ஜெர்மன் பல்கலைக்கழக மதிப்பெண் முறை

ஜெர்மனியில் 1.0 தான் உச்ச மதிப்பெண். எண் ஏற ஏறத் தரம் இறங்கும். 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணும் அதன் படிப்புச் சுமையைக் காட்டும் ஈ.சி.டி.எஸ். புள்ளிகளின் எடைக்கேற்பச் சராசரியில் சேரும். பருவத்துக்கு வழக்கமாக 30 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேரப் படிப்பு.

வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்றத் 'திருத்திய பவேரிய வாய்பாடு' பரவலாகப் பயன்படுகிறது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து மாணவர் பெற்றதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். பத்துக்கு 8 சி.ஜி.பி.ஏ. வாங்கியவருக்குத் தேர்ச்சி எல்லை 5 என்றால் 2.2 வரும், எல்லை 4 என்றால் 2.0. விண்ணப்பதாரர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது. தேர்ச்சி எல்லை மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்திலோ பல்கலைக்கழக விதிமுறையிலோ பெரும்பாலும் இருக்கும்.

இந்தியப் பட்டங்களுக்கு 2022 நவம்பர் முதல் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் மாணவர் விசாவுக்குக் கட்டாயம். செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ (2024 செப்டம்பர் நிலவரம்) போடுவது வழக்கம். மாதம் 992 யூரோ எடுக்கலாம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மாணவர் விசாவில் இருப்போர் ஆண்டுக்கு 140 முழுநாள் வேலை பார்க்கலாம். ஆனால் படிப்பிலும் கவனம் வேண்டும்: கட்டாயத் தேர்வில் அனுமதித்த முயற்சிகள் (பல இடங்களில் மூன்று) தீர்ந்தால், அந்தப் படிப்பிலிருந்தே பெயர் நீக்கப்படும்.