விபத்தின் செலவு யார் கணக்கில்?

பணியிடப் பாதுகாப்பில் போடும் பணம் ஆதாயமாகத் திரும்பும் என்பது மேலாண்மைத் துறையில் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் கருத்து. அது மெய்யானால், சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் ஆண்டுதோறும் உயிர்கள் கருகுவது ஏன்? தொழிலைத் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் அந்த ஊருக்குக் கணக்குத் தெரியாது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே கருத்தையே சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு ஆதாயம் தருகிறது; ஆனால் விபத்தின் முழுச் செலவையும் தானே சுமக்க வேண்டிய முதலாளிக்குத்தான் அந்த ஆதாயம் கண்ணில் படுகிறது.

ஆதாயத்துக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது அல்கோவா. 1987இல் அந்த அமெரிக்க அலுமினிய நிறுவனத்தின் தலைமையை ஏற்ற பால் ஓநீல், இலாபத்துக்கு முன்பாகத் தொழிலாளர் பாதுகாப்பை வைத்தார். எந்த ஆலையில் யாருக்கு அடிபட்டாலும் 24 மணி நேரத்துக்குள் அப்பிரிவின் தலைவர் தமக்குத் தெரிவிக்க வேண்டும், மீண்டும் நேராதிருக்க வழியும் சொல்ல வேண்டும் என்றார். உலைக்களத்தில் நிற்பவரின் சொல் ஒரே நாளில் தலைமைக்கு எட்ட வேண்டுமானால், இடையிலுள்ள படிகள் எல்லாம் திறந்தாக வேண்டும். அதே வழியில் கழிவு, பழுது, தாமதம் பற்றிய செய்திகளும் மேலே வந்தன. அவர் காலத்தில் விபத்தும் குறைந்தது, இலாபமும் பலமடங்கு பெருகியது. திறமையான தலைமை எதைத் தொட்டாலும் துலங்கும், பாதுகாப்புக்கு அதில் தனிப் பங்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான ஐயம். அதற்கு விடை கலிபோர்னியாவில் கிடைத்தது. அங்கே சில தொழில்களில் பணியிடப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சோதனைக்குச் செல்லும் இடங்கள் குலுக்கல் முறையில் தேர்வாகின்றன. சோதனைக்கு உள்ளான 409 நிறுவனங்களை, உள்ளாகாத 409 நிறுவனங்களோடு லெவைன், டோஃபல், ஜான்சன் என்ற ஆராய்ச்சியாளர் மூவரும் ஒப்பிட்டு 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினர். சோதனை நடந்த இடங்களில் காயங்கள் 9.4 விழுக்காடும், காயங்களால் நேரும் செலவு 26 விழுக்காடும் குறைந்திருந்தன. விற்பனையோ வேலைவாய்ப்போ சரிந்ததற்குத் தடயம் இல்லை. குலுக்கலில் விழுந்த நிறுவனங்கள் என்பதால் தலைமையின் திறமையை இங்கே காரணம் காட்ட முடியாது. ஆனால் அங்கே காயத்தின் செலவு இழப்பீட்டுக் காப்பீடு வழியாக முதலாளியையே வந்தடைகிறது என்பதை மறக்கக் கூடாது.

சிவகாசியில் அந்தச் செலவு எங்கே போய்ச் சேருகிறது? விதிகள் தெளிவானவை: ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும், மருந்துக் கலவை மிஞ்சினால் அன்றே அழித்துவிட வேண்டும். மிஞ்சிய கலவை இரவில் ஈரம் ஏற்றால், அதிலுள்ள அலுமினியத் தூள் தானாகவே சூடேறும். காலையில் வந்து கை வைப்பவருக்கு அது தெரியாது. இந்த விதிகளை அறியாத போர்மேன் இருக்க மாட்டார். ஆனால் உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் உள்குத்தகைக்குப் போகின்றன. குத்தகைதாரருக்குத் தீபாவளிக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். விரிப்புக்கும் மின்னல் தாங்கிக்கும் போடும் பணம் அடுத்த ஆண்டு வேறொருவருக்குப் பயன்படும். உரிமதாரருக்கோ வாடகை வந்தால் போதும். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட வெடிவிபத்திலும் உள்குத்தகையே முதன்மையாகப் பேசப்பட்டது. 2025 வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்குப்படி, மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 40 வயதுத் தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்குச் சுமார் 13.8 லட்சம் வர வேண்டியிருந்தது. வருகைப் பதிவேட்டில் பெயரே ஏறாதவருக்கு அதை நிறுவுவது எளிதா? அரசு நிவாரணம், அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு, படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் என்று செலவு ஊர் முழுக்கச் சிதறிவிடுகிறது. ஆலையின் பேரேட்டில் அதில் சிறு பகுதியே ஏறுகிறது.

தொழிலாளர்களே உருப்படிக் கூலிக்காக விதியை மீறுகிறார்கள் என்று முதலாளிகள் தரப்பில் சொல்வதுண்டு. கூலியை உருப்படிக்கு இவ்வளவு என வகுத்தவர் யார் என்பதை விட்டுவிட்டு அதைப் பேச முடியாது. வேகத்துக்கு விலை வைத்த பிறகு வேகத்தைக் குற்றம் சொல்வது முறையன்று. சிறிய ஆலைகளால் தாங்க முடியாது என்பது இதைவிட வலுவான வாதம். மாவட்ட வருவாய் அலுவலரிடம் (டி.ஆர்.ஓ.) 15 கிலோ மருந்து மட்டுமே கையாள உரிமம் பெற்ற ஆலைக்கும், நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் துறையிடம் உரிமம் பெற்ற பெரிய ஆலைக்கும் ஒரே முதல் இல்லைதான். ஆனால் ஓர் அறை வெடித்தால் ஆலை முழுவதும் மூடப்பட்டு, அந்தப் பருவத்தின் வரவே போய்விடும். பெரிய ஆலை அதைத் தாங்கிக்கொள்ளும், சிறிய ஆலை எழுந்திருக்காது. சிறியவருக்குத்தான் பாதுகாப்பு கூடுதல் ஆதாயம்.

உயிரை ரூபாயில் அளக்கலாமா என்ற மறுப்பு எஞ்சுகிறது. அதை முழுமனதோடு மதிக்கிறேன். ஆனால் அளக்காமல் விட்டபோது அந்த உயிர்களுக்குக் கிடைத்த மதிப்பு ஏறத்தாழச் சுழியம். உள்குத்தகை இருந்தாலும் இழப்பீடு முழுவதற்கும் உரிமதாரரே பொறுப்பு என்று நடைமுறையில் நிலைநாட்டினால், விபத்து வரலாற்றை வைத்துக் காப்பீட்டுக் கட்டணம் ஏறி இறங்கினால், முன்பணம் கொடுத்துச் சரக்கெடுக்கும் மொத்த வியாபாரி அறைக்கு எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுக் காசோலையில் கையெழுத்திட்டால், ரப்பர் விரிப்பின் விலை அன்றைக்கே முதலாளிக்கு மலிவாகத் தோன்றும்.